முப்பத்தாறு என்று எழுதாதே

ராசா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதவும் செய்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, இன்று சனிக்கிழமை. இந்த நாலு நாளில் ஒரு வேலையையும் நான் முழுசாகச் செய்யவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மில்லுக்குப் போகிறேன். அங்கே போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்து போகிறது, திரும்பி வருகிறேன். நம் மில்லில் நெல் அரைக்கிற பரமன் நேற்று கேட்டே விட்டான். "என்னத்தா, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? செத்த ஒக்காருங்க. பாக்குற எனக்கே கிறுகிறுன்னு வருது." உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம் கோர்வையாக இருக்காது. எப்படி வருகிறதோ அப்படியே படி.

உன் கடிதத்தில் முக்கால்வாசி சந்தோஷமான சேதிதான். கம்பெனி கொடுத்த வீட்டில் காற்று நன்றாக வருகிறது, குஜராத்துப் பருப்பில் வெல்லம் போடுகிறார்கள், இந்த மாதக் கடைசியில் வேலையை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். உங்கள் பவர் ஹவுஸைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். கடலுக்கடியிலிருந்து குழாயில் கேஸ் வருகிறது, நிலக்கரி கிடையாது, சாம்பல் கிடையாது, புகைபோக்கியில் புகைகூடக் கண்ணுக்குத் தெரியாது, நம்ம ஊர் அடுப்படியை விடச் சுத்தம் அம்மா என்று பீற்றிக்கொண்டிருந்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்து ஓரத்தில், இடம் இல்லாமல் தாளைத் திருப்பி வைத்து எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கிற வரைக்கும்.

அதை இந்த நாலு நாளில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீராவியைக் குளிர வைக்கக் கழிமுகத்துத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறீர்கள், சூடானதும் திருப்பி விடுகிறீர்கள். வெளியே போகிற தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு ஷிப்டிலும் அளந்து லாக் புக்கில் எழுத வேண்டும். அளக்கிற கருவி நீ வேலைக்குச் சேரும் முன்பே உடைந்து போயிற்று. எல்லோரும் முப்பத்தாறு டிகிரி என்று எழுதுகிறார்கள், நீயும் முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாய். இறால் பிடிக்கிற ஒரு பொம்பளை வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் கேட்டுக்கு வந்து கத்துகிறாள், அவள் பாஷை புரியாமலே வெளியூர் வாட்ச்மேன் விரட்டுகிறான். நிரந்தரம் ஆகிற வரைக்கும் கண்ணையும் வாயையும் பொத்திக்கொண்டு இரு என்று உன் மேலதிகாரி சொன்னாராம். 'கடல் எவ்வளவு பெரிசு அம்மா, இந்தச் சுடுதண்ணி அதுக்கு எம்மாத்திரம்' என்று நீயும் முடித்திருக்கிறாய். பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி வேறு வரைந்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏலே, கேஸைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறாய்? கேஸில் கரண்ட் எடுத்த வீட்டில் பிறந்தவன் நீ. உனக்கு நினைவிருக்காது. நீ பிறந்த காலத்தில் லோயர் கேம்ப் பவர் ஹவுஸிலிருந்து கம்பி நம் தலைக்கு மேலேயே மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது, நம் மில்லுக்கு மட்டும் கரண்ட் வந்தபாடில்லை. உன் அய்யாவுக்கு ரோஷம் வந்து, எங்கேயோ மூடின ஒரு மில்லிலிருந்து பழைய கேஸ் இன்ஜினை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதோடு ஆள் உயர இரும்பு உருளை ஒன்று. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் காற்றைக் கொஞ்சமாக விட்டு மூச்சுத் திணறத் திணற எரிய விட்டால் கேஸ் வரும். அந்தக் கேஸ் இன்ஜினை ஓட்டும், இன்ஜின் நெல் அரைக்கும், கூடவே ஒரு டைனமோவைச் சுழற்றும், அதில் விளக்கும் எரியும். நம் தெருவில் முதல் பல்பு எரிந்தது அதில்தான். உன் அய்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றதைப் பார்க்கணுமே! மேற்கு மலையடிவாரத்திலிருந்து வண்டி வண்டியாகக் கரி வந்தது. எத்தனை மரம் அதற்குள் போனது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. விளக்கு எரிகிறதே, அது போதும் என்றிருந்தோம்.

அந்தக் கேஸும் இன்ஜினுக்குள் போகும்போது சுத்தமாகத்தான் போனது. எதனால் தெரியுமா? போகிற வழியில் அதைத் தண்ணீரில் கழுவினார்கள். அதிலிருந்த தார், சாம்பல், நாற்றம் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கியது. கன்னங்கரேல் என்று, மேலே எண்ணெய் மினுமினுக்க, நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியில் தேங்கி நிற்கும். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்குக் கீழே குருசாமியின் வெற்றிலைக் கொடிக்கால். குருசாமி உன் அய்யாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர், பங்காளி மாதிரி. இன்ஜின் வந்த அன்றே உன் அய்யா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வாய்க்காலில் விழாது, தொட்டி நிறைய நிறைய மொண்டு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டு போய்க் கொட்டிவிடுவேன் என்று. அப்படியேதான் செய்தும் வந்தார். தொட்டியின் அடியில் வாய்க்கால் பக்கமாக ஒரு மரக்கட்டை அடைப்பு இருந்தது. தொட்டி கட்டின நாளில் அடித்தது, அதற்கப்புறம் அதை யாரும் தொட்டதில்லை.

நான் தொட்டேன். உனக்கு அப்போது மூன்று வயது, உன் காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால். போடியிலிருந்து உன் மாமன் சீர் கொண்டு வருகிறான், கூடவே அவன் பெண்டாட்டியும் வருகிறாள். முந்தின தடவை வந்தபோதே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மதினி, ஒங்க வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டவள். அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகக் கிடந்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, வண்டி கரி ஏற்றப் போயிருக்கிறது, உன் அய்யா பந்தலுக்கு ஆள் தேடி உத்தமபாளையம் போயிருக்கிறார். விடிந்தும் விடியாமல் போய் அந்தக் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரில் இது எம்மாத்திரம், கரைந்துவிடும் என்று நினைத்தேன். நீ கடலைப் பற்றி எழுதியிருக்கிறாயே, கிட்டத்தட்ட அதே வார்த்தை. அன்றைக்கு யார் பாய்ச்சுகிற முறை, வாய்க்காலில் யாருடைய தண்ணீர் போகிறது என்று எனக்குத் தெரியும். குருசாமியுடையது.

கட்டையைத் திரும்ப அடைத்தபோது சரியாக உட்காரவில்லை, ஒழுகியது. என் பழைய ஊதாச் சேலையில் ஒரு முழம் கிழித்துச் சுற்றி அடித்து இறுக்கினேன். பந்தல் அவசரத்தில் இருந்த உன் அய்யா, தொட்டியை வண்டிக்காரன் மொண்டுபோய்க் கொட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். காதுகுத்து ஜாம்ஜாமென்று நடந்தது. நீ மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு ஊரே கேட்கிற மாதிரி அழுதாய். குருசாமி பெண்டாட்டி பாண்டியம்மா கவுளி கவுளியாக வெற்றிலை கொண்டு வந்து இறக்கினாள். "அக்கா, எளங்கொழுந்தாப் பாத்துக் கிள்ளியாந்தேன். நம்ம பிள்ள காதுகுத்துக்கு எங்க கொடிக்கா வெத்தலதான்" என்றாள். வந்தவர்கள் எல்லோரும் அந்த வெற்றிலையைப் போட்டார்கள். நாற்றம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. போடிக்காரி மூக்கைப் பொத்தவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பதினைந்து நாளில் கொடிக்கால் மஞ்சளாகப் பழுத்து வாடியது. முதலில் வாய்க்காலை ஒட்டின வரிசை, அப்புறம் அடுத்தது, அப்புறம் எல்லாம். அகத்தி மரங்கள் மட்டும் நின்றன, அவற்றைப் பிடித்து ஏறின கொடியெல்லாம் கயிறு மாதிரித் தொங்கியது. குருசாமி வந்து நம் வீட்டு வாசலில் நின்றார். கோபமாகக்கூட இல்லை. "மதினி, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்கிராதீக. ஒங்க தொட்டித் தண்ணி எதுவும் வாய்க்கால்ல விழுந்துச்சா?" என்றார். நான் உன்னை இடுப்பில் வைத்திருந்தேன், உன் காது இன்னும் புண் ஆறாமல் இருந்தது. "நல்லாக் கேட்டீக போங்க. அதெல்லாம் வண்டியிலதான போகுது. இது வாடல் நோயா இருக்கும். சின்னமனூர்ப் பக்கம்கூட வாடல் விழுந்திருக்காமே" என்றேன். வாடல் விழுந்தது நிஜம்தான். அதனால் பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஊரில் பேச்சு ஓயவில்லை. வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோரும் காளியம்மன் கோயிலில் கூடி உன் அய்யாவைக் கூப்பிட்டு விட்டார்கள். போகும் முன் உன் அய்யா அடுப்படிக்கு வந்தார். "ஏத்தா, நான் இல்லாதப்ப நீ எதுவும் கட்டையத் தொட்டியா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "நான் எதுக்குத் தொடுறேன்?" என்றேன். அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அங்கே குருசாமி, "அண்ணே, நீங்க சொன்னா நான் நம்புறேன். ஊரு நம்பணும்ல, சூடத்த அணைச்சுச் சொல்லிருங்க" என்றாராம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் நம் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை, உனக்குத் தெரியும். உன் அய்யா அணைத்தார். என் வார்த்தையை நம்பி, அம்மன் முன்னால். வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையில் கரி அப்பியிருந்தது. கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றினவள் நான்.

அந்த வருஷமே குருசாமி நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு மலையேறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். பத்துப் பேருக்கு வேலை கொடுத்த மனுஷன். போகிற அன்று உன் அய்யாவிடம் வந்து, "ஒங்களச் சத்தியம் பண்ண வச்சுட்டேன், மனசுல வச்சுக்கிராதீகண்ணே" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு வரைக்கும் ஒன்று என்னை அரிக்கிறது ராசா. ஒருவேளை அது வாடல் நோயாகவேகூட இருந்திருக்கலாம். என் தண்ணீரால்தான் செத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் தொட்டித் தண்ணீரையும் செத்த வேரையும் யாரிடமாவது கொண்டு போய்க் காட்டியிருப்பார்கள், ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்துகொள்கிற வழியை நானே அடைத்துவிட்டேன்.

இங்கே எழுந்து போய்விட்டேன். பால் பொங்கிவிட்டது, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கொஞ்ச வருஷத்தில் மில்லுக்குக் கரண்ட் வந்தது. கேஸ் இன்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தொட்டியை இடிக்கும் முன் உன் அய்யாதான் அந்தக் கட்டையைப் பிடுங்கினார். அதைச் சுற்றி என் ஊதாச் சேலைத் துணி, கருத்துப் போயிருந்தாலும் கரை தெரிந்தது. அந்தச் சேலை அவர் எடுத்துக் கொடுத்தது. துணியைப் பிரித்துக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். நான் கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார், கை நீட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துணியை மடித்துச் சுவர் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சாப்பிட்டதும் வழக்கம் போல வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தேன். "வேணாம்" என்றார். அன்றோடு சரி. சாகிற வரைக்கும் பதினோரு வருஷம் அவர் வெற்றிலை போடவில்லை, கோயிலில் சூடத் தட்டு வந்தால் கையை நீட்டி ஒற்றிக்கொள்ளவும் இல்லை. ஏன் அய்யா வெற்றிலையை விட்டுவிட்டார் என்று நீ ஒரு தடவை கேட்டாய். பல் வலி என்று சொன்னேன். அதுவும் பொய். அவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே அந்த ஒரு விஷயத்தைத் தாண்டித் தாண்டி நடந்தோம். நல்ல மனுஷனை அப்படி வாழ வைத்தேனே என்று இப்போது தனியாக உட்கார்ந்து அழுகிறேன், யாருக்கு லாபம்?

பாண்டியம்மாவை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன், தேனி பஸ் ஸ்டாண்டில். நீ மதுரையில் படித்துக்கொண்டிருந்த சமயம். அவளைத் தூரத்தில் பார்த்ததும் நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவளோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். குருசாமி போய்ச் சேர்ந்துவிட்டாராம், குமுளிக்கு அந்தப் பக்கம் மகளோடு இருக்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "காது குத்துன நம்ம பிள்ள என்னக்கா பண்றான்?" மடியிலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காயை எடுத்து, "பிள்ளைக்குப் பாயசம் வைக்கிறப்பப் போடுங்க" என்று திணித்தாள். உண்மையைச் சொல்லாமலே அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். அந்த ஏலக்காய் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உனக்கு ஒரு பாயசத்தில்கூட அதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்து ஓரத்தில் இருந்த நாலு வரி ஏன் என்னை உட்கார விடவில்லை என்று? நீ ஒவ்வொரு ஷிப்டிலும் சூடத்தை அணைத்துக்கொண்டிருக்கிறாய் ராசா. உன் அய்யாவாவது தெரியாமல் அணைத்தார். நீ தெரிந்தே அணைக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் நீ அவர் பிள்ளை இல்லை, என் பிள்ளை. அந்தக் கூடைக்காரி கத்துகிறாளே, அவள் பாஷை உனக்குப் புரியாவிட்டாலும் எனக்கு இங்கிருந்தே புரிகிறது. தண்ணீர் நிஜமாகவே முப்பத்தாறாக இருக்கலாம். இறால் வேறு எதனாலோ வராமல் போயிருக்கலாம். அப்படி இருந்தால் சந்தோஷம், அதையும் அளந்து பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? நீ இன்ஜினியர், நான் எட்டாவது படித்தவள், நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். எல்லோரும் எழுதுகிறார்கள் என்று சொல்லாதே. எல்லோரும் என்னவோ செய்துவிட்டுப் போகட்டும், அவர்களை நான் பெறவில்லை.

வேலை போய்விட்டால்? அதையும் யோசிக்காமல் எழுதவில்லை. உன்னைப் படிக்க வைக்க உன் அய்யா பட்ட பாடு என் கண்ணுக்குள் நிற்கிறது. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் என் மனசும் பேரம் பேசியது. காதுகுத்து முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் அன்றைக்கு இப்படித்தான் பேசினேன். அந்த அப்புறம் வரவே இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னை வீட்டுக்கு அனுப்பினால் வா. மில் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஒரு வாய்ச் சோறு போட எனக்குத் தெம்பும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும், பதமாகப் பிரி. நேற்று தேனிக்குப் போனேன். மருந்துக் கடையில் தெர்மாமீட்டர் வேண்டும் என்றதும், "யாருக்கும்மா காய்ச்சல்?" என்று அக்குளில் வைக்கிறதை எடுத்து நீட்டினான். ஆளுக்கு இல்லையப்பா, தண்ணிக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். வெந்நீர் போட்டுக் குளிக்கவா என்று ஒருத்தன் கிண்டல் வேறு. நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் பால் சொசைட்டிகளுக்குச் சாமான் விற்கிற இடத்தில் கிடைத்தது. பால் சூடு பார்க்கிற நீளக் கண்ணாடிக் குழாய். கொதிக்கிற தண்ணீரில் விட்டாலும் உடையாதாம், அவர்கள் எதிரிலேயே டீக்கடை வெந்நீரில் விட்டுப் பார்த்து வாங்கினேன். போடி இலவம்பஞ்சில் பொதிந்து பிஸ்கட் டப்பாவில் வைத்து இன்று காலையிலேயே தபாலாபீஸில் கொடுத்துவிட்டேன். அதைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் விடு. என்ன காட்டுகிறதோ அதை எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடு. பிறகு எனக்கும் அந்த எண்ணை ஒரு கார்டில் எழுது, வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இத்தனையும் உனக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் என் வாய் புழுத்துப் போகும். அதனால் விடிந்ததும் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அந்தக் கையோடு குமுளி பஸ் ஏறுகிறேன். பாண்டியம்மாவின் மகள் எந்த எஸ்டேட்டில் இருக்கிறாள் என்று பரமன் விசாரித்து வைத்திருக்கிறான். கருத்துப் போன அந்தச் சேலைத் துணியைச் சுவர் மேலிருந்து அன்றே எடுத்து வைத்திருந்தேன், அதையும் கொண்டு போகிறேன். அவள் என் மேல் துப்பலாம், துரத்தலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடலாம். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுகிறேன். இருந்தாலும் போகத்தான் போகிறேன்.

நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். நீ போய் அளந்துவிட்டு எழுது.

அம்மா